ஜாஸ்தி அடித்தவள்

எனக்குத் தோற்கப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார்களோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தபோது, என் காய்கள் வரிசையாக வெட்டுப்பட்ட கோபத்தில் தாயக்கட்டையைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தவள் நான். பெற்ற பிள்ளையோடு கேரம் ஆடும்போதும் விட்டுக்கொடுத்ததில்லை. "சின்னப் பையன்தான, ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டுப் போட்டுமே" என்பார் என் வீட்டுக்காரர். "ஜெயிக்கணும்னா கத்துக்கினு வரட்டும்" என்பேன். பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி காய்களை அடுக்குவான். அழமாட்டான்.

அப்படிப்பட்ட நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை பார்த்து ஓய்வும் பெற்ற பிறகு கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டேன். எங்கே? கச்சிராயபாளையத்தில். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரிலும் சிரித்தார்கள்.

மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அங்கே பெரிய பதவியில் இருக்கிறவர்கள் எல்லாம் சனி, ஞாயிறுகளில் இதைத்தான் ஆடுவார்களாம். அவர்கள் கண்ணில் படலாமே என்று போனவனை ஆட்டமே பிடித்துக்கொண்டது. யாரோ ஆடிக் கழித்த மட்டைகளைப் பையோடு வாங்கினான். கோடையில் லீவு போட்டுக்கொண்டு அந்தப் பையோடுதான் ஊருக்கு வந்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் கண்டக்டர் "இன்னாப்பா இது, பம்பு செட் பைப்பா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தாராம்.

"இதை இங்க எங்கடா ஆடப்போற? கரும்புக் கொல்லையிலயா?" என்று நான் கேட்டேன். அன்று சாயங்காலமே எங்களைக் கோமுகி அணைக்குக் கூட்டிப்போனான்.

கோடையில் தண்ணீர் உள்ளே இறங்கிப்போனதும் கரையோரம் ஒரு பெரிய புல்தரை வெளியே வரும். ஈரம் இருப்பதால் பச்சை போகாது. ஊர் ஆடு மாடெல்லாம் அங்கேதான் மேயும். புல் தரையோடு தரையாக, இப்போதுதான் மொட்டை அடித்த தலையில் முளைத்த முடி போல இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் கல்வராயன் மலை. என் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் நடந்து பார்த்தான். "அங்க இந்த மாதிரி புல்லுக்கு ஆள் போட்டு, மெஷின் வச்சி வெட்டுறாங்கம்மா. இங்க ஆடே செஞ்சி வச்சிருக்குது" என்றான்.

என் வீட்டுக்காரர் கரும்பு விவசாயி. ஒரு வேலையைச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டார், செய்துவிட்டு வந்துதான் கேட்பார். கடப்பாரையால் குழிகள் தோண்டி, குழிக்கொரு பால் பவுடர் டின்னை வாய் தெரியப் புதைத்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி நட்டு, என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஆடுகள் இரண்டு கொடியைத் தின்றிருந்தன.

முதல் நாள் ஆட்டத்தைச் சொல்கிறேன். குழி தூரத்தில் இருந்தது. மகன் அடித்தான், பந்து பறந்தது. இன்னும் இரண்டு தட்டு தட்டினான், அப்புறம் மெல்ல ஒரு தள்ளு. டின்னுக்குள் டொணக் என்று விழுந்தது. அடுத்து நான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓங்கினேன். காற்றுதான் அடிபட்டது. இரண்டாம் தடவை மண் பெயர்ந்தது. மூன்றாம் தடவை பந்து கோழிக்குஞ்சு மாதிரி நாலடி ஓடி நின்றது. விடுவேனா? அடித்தேன், அடித்தேன், அதைத் திட்டிக்கொண்டே அடித்தேன். கடைசியில் டின்னுக்குள் தள்ளியபோது மூச்சு வாங்கியது. நடுவில் ஒன்று கூட விடாமல் எண்ணியிருந்தேன்.

"நான் பதினேழு! நீ வெறும் நாலுடா!" என்று கத்தினேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீதான் ஜெயிச்சம்மா" என்றான்.

கோல்ஃப் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கிரிக்கெட்டில் ஜாஸ்தி ரன் எடுத்தவன் ஜெயிக்கிறான். கபடியில் ஜாஸ்தி பாயிண்ட். பரீட்சையில் ஜாஸ்தி மார்க். பாடுபட்டு அடிப்பவளை விட்டுவிட்டுச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகிறவனுக்கு வெற்றி கொடுக்கும் ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அதன் பிறகு அவன் வந்த கோடைகளில் எல்லாம் மூன்று பேரும் ஆடினோம். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். என் வீட்டுக்காரர் எனக்கும் மகனுக்கும் நடுவில் வருவார்.

ஆட்டம் எனக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. அதைப் போலக் கழுத்தறுக்கிற விளையாட்டை நான் பார்த்ததில்லை. எதிராளி இருந்தால் அவன் மேல் பழி போடலாம். இங்கே பந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஓடவில்லை, யாரும் பிடுங்கவில்லை, அடி என்று காத்திருக்கிறது. அப்படியும் அது கோணலாகப் போனால் யாரைத் திட்டுவது? நான் பந்தைத் திட்டினேன். கடைசி பெஞ்சுப் பையன்களைத் திட்டியதெல்லாம் அதற்கும் கிடைத்தது. சாணியில் போய் நிற்கும். சேற்றில் புதையும். சாயங்காலம் மலைக்காற்று இறங்கினால் நேராகப் போகிற பந்தும் வளைந்து போகும். ஒருமுறை ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி ஒரு பந்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். "மயில் முட்டைன்னு நெனச்சேங்க. அவிச்சிப் பாத்தன், வேகவே இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆனால் எப்போதாவது ஒரு அடி விழும். நான் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். கையில் அதிர்வே தெரியாது, டக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும். தலை தூக்கினால் வெள்ளைப் பந்து மலைக்கு எதிரே ஏறிக்கொண்டிருக்கும். அது இறங்குவதற்குள் உடம்பில் இருக்கிற வயசெல்லாம் போய்விடும். அந்த ஒரு அடிக்காக அடுத்த நாளும் போவேன். அடுத்த நாள் முழுக்கக் காற்றையே அடித்துவிட்டு வருவேன். "இது ஆட்டம் இல்லடா, வேண்டுதல்" என்று மகனிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

போன ஐப்பசியில் அவன் செத்துப்போனான். பெங்களூரில் மழை பெய்த ஒரு சாயங்காலம், ஆபீஸ் விட்டு பைக்கில் வரும்போது லாரி. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

நான் அழுதேன். ஊர் கூடி அழுதது. என் வீட்டுக்காரர் அழவில்லை. மகன் தனக்குச் செய்யவேண்டியதை இவர் மகனுக்குச் செய்தார். சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், சொன்ன நேரத்தில் எழுந்தார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகும் அப்படியே இருந்தார். சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்தது. அதைக் கூட நான்தான் போய் ஆள் பிடித்து வெட்டி அனுப்பினேன். அவர் வரப்பில் நின்று லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர எப்படியாவது அழ வையி டீச்சர். நெஞ்சுலயே கட்டிக்கினா ஆளையே கொண்டுபூடும்" என்று பக்கத்து வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். எப்படி அழ வைப்பது? ஒரு பிள்ளையைக் கொடுத்தாகிவிட்டது, இவரையும் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் கார்த்திகையும் மார்கழியும் பொங்கலும் போயின.

மகனின் சாமான்களோடு அந்தப் பையும் வந்திருந்தது. அதை என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையில் ஒரு மூலையில் வைத்திருந்தார். கோடை வந்தது, அணையில் தண்ணீர் இறங்கியது. ஒருநாள் நான் போய்ப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"வாங்க. போய் ஆடிட்டு வரலாம்" என்றேன்.

ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். பிள்ளை போய் வருஷம் கூடத் திரும்பவில்லை, ரெண்டு பேரும் பந்து விளையாடுகிறார்கள் என்று சொல்லும். சொல்லட்டும். அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

டின்களில் வண்டல் அடைத்திருந்தது. அவரே கையால் தோண்டி எடுத்தார். அன்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. நான் வழக்கம் போல மண்ணைப் பெயர்த்தேன். அவர் வழக்கம் போல அளந்து அடித்தார். முடிவில் வழக்கத்தை விடாமல் எண்ணிக்கை சொன்னேன். அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "நீதான் ஜெயிச்ச" என்றார்.

நாள் பூராவும் அவர் தானாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். மறுநாளும் அதுதான். நான் அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கினேன். அதைக் கேட்டால் எனக்குத் தைரியம் வந்தது. அவர் இன்னும் இருக்கிறார், போய்விடவில்லை என்று இருந்தது. கொஞ்ச நாளில் அணைக்கு நடந்து போகும்போது கரும்பைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். ராத்திரி இன்னொரு தோசை கேட்டார். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசை ஊற்றினேன்.

அந்த நாட்களில் ஒருமுறை அவர் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து உருண்டு நேராக டின்னுக்குள் விழுந்தது. இரண்டே அடி. அவர் கை தானாக மேலே போனது, முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு, "சே, சீக்கிரம் பூந்துட்ச்சி" என்றார். "பாத்து அடிக்கிறதில்லையா? ரெண்டுதான் கிடைச்சிது பாருங்க" என்று நானும் ஆறுதல் சொன்னேன்.

சித்திரைக் கடைசியில் மகனின் நண்பர் ஒருவர் வந்தார். ஓசூர்க்காரர், பெங்களூரில் அவனோடு ஒரே வீட்டில் தங்கி இருந்தவர். மனைவியோடு மலைமேல் கரியாலூருக்குப் போகிற வழியில் எங்களைப் பார்க்க வந்திருந்தார். என் வீட்டுக்காரர் மோட்டார் போடக் கொல்லைக்குப் போயிருந்தார். அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"உங்களப் பாக்கணும்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்குமே ஆசைம்மா" என்றார் அந்தத் தம்பி. "எங்க எல்லாரையும் அவன் சுலபமா தோக்கடிச்சிடுவான். யாராவது பாராட்டினா, எங்க அம்மாகிட்ட நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்லன்னுவான். நீங்க அவ்ளோ பெரிய பிளேயராம்மா?"

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. செத்துப்போன பிள்ளை என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறான். "பெரிய பிளேயர்லாம் இல்லப்பா. ஆனா ஒரு குழிக்கு நான் பதினேழு, பதினெட்டுன்னு எடுப்பேன். அவன் நாலஞ்சுதான் எடுப்பான். பாவம்" என்றேன்.

அந்தத் தம்பியின் காபி டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அவர் மனைவி தரையைப் பார்த்தாள். "ஆமாம்மா, ஆமாம்" என்றார் அவசரமாக. முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டே தேய்ந்த காது என்னுடையது. "தம்பி, என்னன்னு சொல்லு" என்றேன். வகுப்பில் கேட்கிற குரலில்தான் கேட்டிருப்பேன்.

"கோல்ஃப்ல... கம்மியா அடிச்சி முடிக்கிறவங்கதாம்மா ஜெயிச்சவங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். போக்கிரி! இத்தனை கோடை என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்திருக்கிறான். வாடா இங்கே என்று கூப்பிட்டுக் காதைத் திருக வேண்டும் போல இருந்தது. காதைத் திருக ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அது உறைத்ததும், கேரம் போர்டில் நான் ஒரு ஆட்டம் கூட விட்டுக்கொடுக்காத பிள்ளை எனக்கு எல்லா ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறான் என்பதும் உறைத்தது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். பதினேழுக்குக் கையெடுத்துக் கும்பிட்டானே, படுபாவி.

அடுத்து என் வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். சீக்கிரம் பூந்துட்ச்சி என்று சொல்லிக் கையை இறக்கிக்கொண்டாரே, அதுவும் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பனும் பிள்ளையுமாகச் சேர்ந்து செய்த வேலை. பிள்ளை போன பிறகும் இவர் தனியாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

மோட்டார் போட்டுவிட்டு அவர் வந்தபோது வாய்வரை வந்துவிட்டது. எனக்கு ஓட்டை வாய், என்னிடம் ரகசியம் நின்றதாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் முழுங்கிக்கொண்டேன். அவரைப் பேச வைத்த வார்த்தையே அதுதான். எனக்குத் தெரிந்துவிட்டது என்றால் அதை அவர் எப்படிச் சொல்வார்? சொல்லாவிட்டால் அவர் வாயில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? உயிர் போனாலும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலமும் பையைத் தூக்கினேன். மண்ணைப் பெயர்த்தேன், எண்ணிக்கை சொன்னேன். "நீதான் ஜெயிச்ச" என்றார். "பின்ன?" என்றேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. உண்மை தெரிந்துவிட்டதால் என் கை பழையபடி இருக்கவில்லை. இத்தனை நாளும் தோற்றிருக்கிறேன் என்று தெரிந்தால் என் ரத்தம் சும்மா இருக்குமா? வெளியே ஜாஸ்தி அடிக்க வேண்டும் என்று நினைப்பேன். உள்ளே ஒருத்தி, ஒரே ஒரு தடவை, நிஜமாக, கம்மியாக முடித்துக் காட்டு என்பாள். நானும் அறியாமல் பந்தைக் கவனித்து அடிக்க ஆரம்பித்திருந்தேன்.

வைகாசியில் ஒரு சாயங்காலம். காற்று இல்லை. மலை உச்சியில் மட்டும் வெயில் இருந்தது. கடைசிக் குழி. அவர் ஐந்தில் முடித்துவிட்டு டின் பக்கத்தில் நின்றார். நான் அடித்தேன். டக். பந்து ஏறியது. வாழ்க்கையில் அப்படி ஒரு அடி நான் அடித்ததில்லை. இறங்கிய இடத்திலிருந்து இன்னொன்று அடித்தேன், அது உருண்டுபோய் அவர் காலடியில் நின்றது. ஓட்டமாகப் போனேன். குனிந்து மெதுவாகத் தள்ளினேன். உள்ளே விழுந்தது.

"ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். மட்டையைத் தூக்கிப் போட்டேன். கை தட்டினேன். "மூணு! நான் மூணுங்க! ஜெயிச்சிட்டேன்!"

தூரத்தில் ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. அவர் அசையவில்லை. நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"மூணுக்கா?" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யாரு சொன்னா?"

"அந்த ஓசூர்த் தம்பி. தெரியாம சொல்லிட்டாருங்க. நான்தான் தோண்டிக் கேட்டேன்."

அவர் புல்லில் உட்கார்ந்தார். முதலில் ஒரு மாதிரி இருமல் போலத்தான் வந்தது. தோள் குலுங்கியது. பிறகு சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார். ஐப்பசியிலிருந்து வராதது எல்லாம் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதப்பான்னு சொல்லியிருந்தான்" என்றார். "கடைசியா வந்துட்டுப் போவ சொல்லோ பஸ்ல ஏறிக்கினுகூட அதான் சொன்னான். அவன் வுட்ட ஆட்டம் இன்னும் நடந்துக்கினு இருக்குது, நாந்தான் நடத்திக்கினு இருக்கறன்னு இருந்தேன். அவன் போனப்புறமும் நடந்துக்கினு இருந்தது அது ஒண்ணுதான்டி. இப்ப அதுவும் முடிஞ்சிபூட்ச்சி."

இவர் ஒருமுறை அழுதுவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வார் என்று ஊரே சொன்னது. நானும் அதற்காக வேண்டாத சாமியில்லை. அழுகிறார். அந்த அழுகையைக் கேட்கும்போதுதான், என் மகன் அந்த நிமிஷம்தான் செத்துப்போனான் என்று எனக்குத் தோன்றியது.